தூக்க ஆபீஸ்

தூங்காமல் இருப்பது ஒரு குற்றம் என்று டிரைவர் முனிரத்தினத்துக்கு நாற்பத்தாறு வயதுவரை தெரியாது. பணி நேரத்தில் தூங்குவதுதான் குற்றம் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் குற்றத்தை அவர் ஒரு நாளும் செய்ததில்லை.

கார்கில் சண்டை ஓய்ந்த வருடம், ஆடி மாதக் கடைசியில், அவருடைய ஒரே மகள் அகிலா காய்ச்சலில் இறந்துபோனாள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தவள். காரியம் முடிந்த மறுநாளே முனிரத்தினம் டூட்டிக்குப் போனார். அழவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார். கேட்டதற்குப் பதில் சொன்னார். ராத்திரி படுத்து, கண்ணை மூடி, மூடிய கண்ணுக்குள் விழித்துக்கொண்டே கிடந்தார். பிள்ளையார்பாளையத்தில் அவர் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தறி வீடுகள். தறிச் சத்தம் அடங்குவதையும் கேட்டார், மறுநாள் தொடங்குவதையும் கேட்டார். இடையில் எதுவும் இல்லை.

தீபாவளி போயிற்று. பொங்கலும் போயிற்று. அவருக்கு வருத்தமாக இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

மாசி மாதம் ஒரு காலையில் தாமல் ஏரிக்கரை வளைவில் அவர் ஓட்டிய டவுன் பஸ் வளையவில்லை. நேராகப் போனது. மிக மெதுவாக, யாரையும் பதறவைக்காமல், சாலையைவிட்டு இறங்கி ஒரு பனைமரத்தில் முட்டி நின்றது. ஒருவருக்கும் அடி இல்லை. ஒரு கூடைத் தக்காளி மட்டும் ஏரிப் பக்கமாக உருண்டது.

டிப்போ மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார்.

"தூங்கிட்டியாய்யா?"

"இல்ல சார். தூக்கமே வரல சார். அதான்."

"புரியல."

"கண்ணு தெறந்துக்கினுதான் இருந்துது சார். வளைவு வந்துது. பாத்தேன். பாத்துக்கினே இருந்தேன்."

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. "இத பாரு முனிரத்தினம். தூங்கிட்டேன்னு சொன்னா அதுக்கு ஒரு தண்டனை இருக்குது, குடுத்துடுவேன், முடிஞ்சிடும். தூங்காம இருந்தேங்கிறியே, அதுக்கு நான் எந்த விதியில போடறது?"

முனிரத்தினம் யோசித்துப் பார்த்தார். "தூங்கி இருந்தா நல்லா இருந்திருக்கும் சார்" என்றார்.

விதி கிடைக்காததால் மேனேஜர் அவரை ஓரிக்கை சாலையில் இருந்த நிலையத்துக்கு அனுப்பினார். தூங்குகிறார் என்று அங்கே சர்டிபிகேட் வாங்கி வந்தால் மறுபடி வண்டி. அதுவரைக்கும் கிடையாது.

அந்த நிலையத்தின் முழுப் பெயர் அகில பாரத நித்திரை ஆராய்ச்சி நிலையம். ஊரில் தூக்க ஆபீஸ் என்றார்கள். இந்தியாவில் எத்தனையோ ஊர் இருக்க, காஞ்சிபுரத்தை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதை இயக்குநர் டாக்டர் முரளீதரன் ஒவ்வொரு கூட்டத்திலும் விளக்குவார். பெருமாளே பாம்பின்மேல் படுத்துக்கொண்டிருக்கிற ஊர் இது, உறக்கத்துக்கு இதைவிடப் பாரம்பரியம் எந்த ஊருக்கு உண்டு என்று கேட்பார். நிலம் இங்கேதான் சும்மா கிடைத்தது என்பதை வேறு யாராவது பிறகு சொல்வார்கள்.

நிலையம் காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணிக்கு மூடும். நோயாளிகள் அந்த நேரத்துக்குள் தூங்கிக்கொள்ள வேண்டும். இரவுப் பணிக்குப் படி கொடுக்க மேலிடம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. தூக்க அறையைப் பூட்டிக்கொண்டு போவார்கள் என்பதால் யாராவது தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிடுவார்கள். முனிரத்தினம் போவதற்கு முந்தின வாரம் ஒரு புடவைக் கடைக் கணக்குப்பிள்ளை, பல மாதம் தூக்கமில்லாமல் இருந்தவர், சாப்பாட்டு மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது குறட்டைவிட ஆரம்பித்துவிட்டாராம். தட்டி எழுப்பி, "ரெண்டு மணிக்கு வாங்க, விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம்" என்று அனுப்பிவைத்தார்கள். அவர் இரண்டு மணிக்கு வந்தார். விட்ட இடம் கிடைக்கவில்லை.

முதல் நாள் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்தார்கள். நோயாளி என்று யாரையும் சொல்லக் கூடாது, பயனாளி என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சத்தம் போடக் கூடாது என்பதையும் ஒலிபெருக்கியில்தான் அறிவித்தார்கள். பிறகு இயக்குநர் பேசினார்.

"பயனாளிகளே! மூளை என்பது என்ன? தண்ணீரை வடித்துவிட்டால் பாதிக்கு மேல் கொழுப்பு. அந்தக் கொழுப்பிலிருந்து மூளை தானாகவே சில நுண்பொருட்களைத் தயாரிக்கிறது. அவைதான் நம்மைப் பார்த்து, போதும், படு என்று உத்தரவு போடுகின்றன. வெளிநாட்டில் பூனைகளைத் தூங்கவிடாமல் வைத்திருந்து, அவற்றின் முதுகெலும்பு நீரில் அப்படி ஒரு பொருளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இன்னொரு பொருளுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? ஆனந்தமைடு! ஆனந்தம் யாருடைய சொல்? நம்முடைய சொல். ஆகவே இது நம்முடைய கண்டுபிடிப்பு. அவர்கள் கொடுத்தது பூனை மட்டும்தான்."

உதவியாளர்கள் கைதட்டினார்கள். பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "அப்ப எங்களுக்கெல்லாம் கொழுப்பு கம்மியா சார்?" என்று கேட்டார்.

"அதேதான். உங்கள் எல்லோருக்கும் கொழுப்பு போதவில்லை. அதை ஏற்றத்தான் அரசு என்னை நியமித்திருக்கிறது."

முனிரத்தினத்துக்கு அது புதிய செய்தியாக இருந்தது. பள்ளிக்கூட வாத்தியார் முதல் செக்கிங் இன்ஸ்பெக்டர் வரை அவருக்குக் கொழுப்பு அதிகம் என்றுதான் இதுவரை சொல்லியிருந்தார்கள்.

கொழுப்பை ஏற்றுவதற்கு ஒரு திட்டம் இருந்தது. பயனாளிகளுக்குத் தினமும் நெய் ஊற்றிய காஞ்சிபுரம் இட்லி. நெய் டின்கள் வந்து இறங்குவதை முனிரத்தினம் பார்த்தார். அவை அலுவலர் உணவகத்தின் வழியாக வந்ததால் பயனாளிகளின் இட்லிக்கு வந்து சேரும்போது மணம் மட்டும் மிஞ்சியிருந்தது. உணவகத்தில் சாப்பிட்டவர்கள் மதியம் இரண்டு மணிக்கு மேல் மேசையில் தலை வைத்து நன்றாகவே தூங்கினார்கள். ஆராய்ச்சி பலன் அளிப்பதாக இயக்குநர் அறிக்கை அனுப்பினார்.

நிலையத்தில் இரண்டு துறைகள். சுரப்புத் துறைக்குத் தலைவர் குமாரசாமி. தூக்கம் வராததற்குக் காரணம் அந்தக் கொழுப்புப் பொருள் சரியாகச் சுரக்காததுதான் என்பது அவர் கட்சி. சிதைவுத் துறைக்குத் தலைவர் கோதண்டபாணி. சுரப்பதெல்லாம் சரியாகத்தான் சுரக்கிறது, அதை உடைக்கிற நொதி அவசரப்பட்டு உடைத்துவிடுகிறது என்பது அவர் கட்சி. இரண்டு பேரும் ஒரே வராந்தாவில் ஒருவர் எதிரில் ஒருவர் வராமல் நடப்பதற்குப் பழகியிருந்தார்கள்.

முனிரத்தினத்தைக் கட்டிலில் படுக்கவைத்துத் தலையில் ஒயர் ஒட்டினார்கள். காதுக்குப் பின்னால், உச்சியில், கன்னப்பொட்டில் எல்லாம் சிக்கல் இல்லாமல் ஒட்டியாயிற்று. நெற்றிக்கு நடுவில் யாருடைய ஒயர் என்பதில்தான் தகராறு வந்தது.

"சுரந்தால்தானே சிதையும்? முதல்ல எங்களுடையதுதான் நடுவில்" என்றார் குமாரசாமி.

"போன வருஷம் வரைக்கும் நடுவுல எங்களுது இருந்துது. வழக்கத்தை மாத்தறதுக்கு நீங்க யாரு?" என்றார் கோதண்டபாணி.

இந்த ஊரில் நெற்றியில் எந்த நாமத்தை இடுவது என்பது சாதாரண விஷயம் இல்லை. கோர்ட்டுக்குப் போய்த் தலைமுறைக் கணக்கில் நடக்கும். ஆகவே யாரும் குறுக்கே பேசவில்லை. குமாரசாமியின் ஆள் ஒட்டினால் கோதண்டபாணியின் ஆள் பிய்த்தார். ஒவ்வொரு முறையும் பசையோடு கொஞ்சம் புருவ மயிரும் போனது. கடைசியில் இயக்குநர் வந்து தீர்ப்புச் சொன்னார்: திங்கள், புதன், வெள்ளி சுரப்புத் துறை, செவ்வாய், வியாழன் சிதைவுத் துறை, சனிக்கிழமை நெற்றி காலியாக இருக்கும்.

"உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று முனிரத்தினத்தைக் கேட்டார்.

"எனக்கு எது வச்சாலும் ஒண்ணும் தெரியல சார்" என்றார் முனிரத்தினம். அது உண்மை.

வீட்டில் மனைவி எல்லம்மாள் அவர் நெற்றியைப் பார்த்தாள். தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து தடவினாள்.

"இன்னா பண்றாங்க அங்க?"

"படுக்க வைக்கிறாங்க. எழுப்புறாங்க."

"தூங்கினியா?"

"இல்ல."

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அகிலா போன பிறகு எல்லம்மாள் அழுது தீர்த்தாள், மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள், பிறகு தூங்கினாள். இரண்டு பேரும் மகளைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தையும் பேசிக்கொண்டதில்லை. அவர் முகத்தைப் பார்த்து அவள் ஆரம்பிக்கவில்லை. அவருக்கு ஆரம்பிக்கத் தெரியவில்லை.

நிலையத்தில் சூடாமணி என்று ஒரு பெண் இருந்தாள். சின்ன காஞ்சிபுரத்துக்காரி. படிப்பை முடித்துவிட்டு ஆராய்ச்சி உதவியாளராக வந்திருந்தவள். ஒரு சனிக்கிழமை, நெற்றி காலியாக இருந்த நாளில், அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க எதாவது கேக்கணுமா?"

இதுவரை யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை என்பதால் முனிரத்தினம் கொஞ்சம் திகைத்தார். "அந்தக் கொழுப்பு சமாச்சாரம் இன்னாம்மா? நெஜமாவே இருக்குதா?"

"இருக்கு. நரம்பு செல்லோட சுவரே கொழுப்புதான். அதுலேர்ந்தே, வேணுங்கிறப்போ மட்டும், மூளை கொஞ்சம் கிள்ளி எடுத்து அந்தப் பொருளைச் செய்யும். ரொம்ப நேரம் முழிச்சிருந்தா அது சேரும். பக்கத்து நரம்புகிட்ட போய், கொஞ்சம் அடங்குன்னு சொல்லும். சொன்னதும் இன்னொண்ணு வந்து அதை உடைச்சுடும்."

"சொல்லிட்டு உடனே போயிடுமா?"

"ஆமாம். அதோட வேலை அவ்வளவுதான்."

முனிரத்தினம் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு அது வரலியா, வந்தும் நான் கேக்கலியா?"

சூடாமணி நாற்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டாள். "தெரியல. இங்க யாருக்கும் தெரியாது. மனசுல பாரம் இருந்தா இதெல்லாம் மாறலாம்னு சொல்றாங்க. எப்படின்னு இன்னும் பாத்துண்டிருக்காங்க. உங்களுக்கு எப்பலேர்ந்து தூக்கம் இல்ல?"

"பொண்ணு போனதுலேர்ந்து."

அவர் அதை பஸ் புறப்படும் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். சூடாமணி எழுந்து நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். கதவு திறந்திருந்ததால் முனிரத்தினத்துக்கு எல்லாம் கேட்டது.

"சார், அவருக்குப் பொண்ணு தவறிப்போயிருக்கா. அதைப் பத்தி யாராவது அவர்கிட்ட பேசணும் சார். ஒயர் ஒட்டறதோட நிறுத்தினா—"

"அம்மா, உட்காருங்கள்" என்றார் இயக்குநர். பாடம் நடத்துகிற குரல். "துக்கம் என்பது குறில். தூக்கம் என்பது நெடில். நமக்கு நெடிலுக்கு மட்டும்தான் அனுமதி வந்திருக்கிறது. குறிலுக்கு வேறொரு மாநிலத்தில் தனி நிலையம் வரப்போகிறது. அவர்கள் எல்லைக்குள் நாம் கை வைத்தால் நாளைக்கு அவர்கள் நம் எல்லைக்குள் வருவார்கள். மகள் என்பது கொழுப்பு அமிலங்களில் எந்த வகையிலும் சேராது. புரிகிறதா?"

திங்கட்கிழமை சூடாமணியை நூலகத்துக்கு மாற்றினார்கள். நூலகத்துக்குப் புத்தகம் இன்னும் வந்திருக்கவில்லை.

அடுத்த கட்டம் பரிசோதனை. முறைப்படி முதுகெலும்பு நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு வேண்டிய ஊசியை வாங்குவது சுரப்புத் துறையா சிதைவுத் துறையா என்று முடிவாகாததால் ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் அந்தப் பொருளை அளக்கும் இயந்திரம் சென்னைத் துறைமுகத்தில் இருந்தது. இறங்கி ஒரு வருடம் ஆகிறது, வரி கட்டவில்லை. ஆகவே பஸ் ஸ்டாண்டு பக்கத்து லேபுக்கு அனுப்பி கொலஸ்ட்ரால் பார்த்தார்கள். அதுவும் கொழுப்புதானே என்று இயக்குநர் சொன்னார். அன்றைக்குத்தான் குமாரசாமியும் கோதண்டபாணியும் முதல்முறையாக ஒரே கருத்தாக இருந்தார்கள்.

முடிவு வந்தது. இயக்குநர் முனிரத்தினத்தைத் தன் அறைக்கு அழைத்து எதிரில் உட்காரச் சொன்னார்.

"உங்கள் கொழுப்பு சரியாக இருக்கிறது. கொழுப்பு சரியாக இருந்தால் தூக்கம் வரும். எனவே நீங்கள் தூங்குகிறீர்கள்."

"எனக்குத் தெரியலியே சார்."

"எப்படித் தெரியும்? தூங்குகிறவனுக்குத் தான் தூங்குவது தெரியுமா? தெரிந்தால் அது தூக்கமா?"

முனிரத்தினம் யோசித்தார். அதில் எங்கே தப்பு என்று அவருக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. "ராத்திரி பூரா தறி சத்தம் கேக்குது சார்" என்று மட்டும் சொன்னார்.

"அது கனவு" என்றார் இயக்குநர். கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். எழுந்து கைகொடுத்தார். நிலையம் தொடங்கியதிலிருந்து முழுமையாகக் குணமடைந்த முதல் பயனாளி என்று படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் முனிரத்தினத்தின் கண்கள் அகலத் திறந்திருந்தன.

மறுநாள் டிப்போவில் அவருக்கு அதே வண்டியைக் கொடுத்தார்கள். பனைமரத்தில் நசுங்கிய இடத்தைத் தட்டி எடுத்து வேறு பச்சையில் வர்ணம் அடித்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் ஜனங்கள் ஏறினார்கள். பூக்கூடை ஏறியது. ரிப்பன் கட்டிய பள்ளிக்கூடப் பெண்கள் நாலைந்து பேர் என்ஜின் பானெட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, பைகளை அதன்மேல் வைத்துவிட்டு, ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். முனிரத்தினம் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தார். சாலை தெரிந்தது. தூரத்தில், யாருடைய சாலையோ போல. பெண்களைத் திரும்பிப் பார்த்தார். என்ஜினை நிறுத்தினார். கதவைத் திறந்து இறங்கி, நடந்தே டிப்போவுக்குப் போனார்.

"என்னால ஓட்ட முடியாது சார்."

"இன்னாய்யா இது? அதான் சர்டிபிகேட் இருக்குதே!"

"சர்டிபிகேட் தூங்குது சார். நான் தூங்கல."

மேனேஜர் அதிர்ந்து போனார். பஸ் மரத்தில் மோதினபோதுகூட அவர் இவ்வளவு கலங்கவில்லை. "டாக்டருங்க கையெழுத்தப் பொய்ங்கிறியா? அகில பாரதம்னு போட்டிருக்கான்யா! மரத்துல இடிச்சா மரத்தோட போச்சு. இது மேல வரைக்கும் போவும்." அன்றே சம்பளம் இல்லாமல் நிறுத்திவைத்தார். மருத்துவ ரீதியாகத் தூங்கிக்கொண்டே பணிக்கு வர மறுத்ததாகக் காரணம் எழுதினார்.

எல்லம்மாள் கேட்டுக்கொண்டாள். "நீ எறங்கினது சரிதான்" என்றாள். அதற்குப் பிறகு, "அப்பால இன்னாத்த துன்றது?" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு தூக்க ஆபீஸுக்குக் கிளம்பினாள். முனிரத்தினம் பின்னால் போனார்.

வாசலில் நின்று அவள் போட்ட சத்தத்தில் உணவகத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். "எம்புருஷன் தூங்கறான்னு எவன்டா எழுதினது? அவங்கூடப் படுக்கறவ நானா நீங்களா?" என்று கேட்டாள். அடுத்த மாதம் டெல்லியிலிருந்து ஆய்வுக்குழு வருவதாக இருந்தது. பத்திரிகைக்காரர் யாராவது வந்துவிடுவார்களோ என்று இயக்குநருக்குக் கவலை. இருவரையும் உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"அம்மா, தீர்ப்பை மாற்ற முடியாது. ஆனால் வேலை தர முடியும். எங்கள் வாசல் காவலாளி பணியில் தூங்கினான், நீக்கிவிட்டோம். உறக்க நிலையத்தில் அதை அனுமதிக்க முடியாது. உங்கள் கணவர் தூங்கவே மாட்டார் என்கிறீர்கள். எங்களுக்கு வேண்டியது அப்படிப்பட்ட ஆள்தான்."

எல்லம்மாள் அவரையே பார்த்தாள். "தூங்கறார்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

"அறிவியல்படி தூங்குகிறார். நிர்வாகப்படி விழித்திருக்கிறார். அது ஒரு துறை, இது ஒரு துறை" என்றார் இயக்குநர்.

சித்திரையில் முனிரத்தினம் காக்கிச் சட்டையை மாற்றாமலே தூக்க ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார். பத்திலிருந்து ஐந்து வரை. கார் வந்தால் கேட்டைத் திறப்பார். போனால் சாத்திப் பூட்டுவார். பூட்டுச்சாவி இடுப்பில் இருக்கும். கேட்டுக்கு உள்பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி. சில நாள் சூடாமணி நூலகத்திலிருந்து வந்து, ஏதாவது தூக்கம் வந்ததா என்று கேட்பாள். இல்லை என்பார். நூலகத்துக்குப் புத்தகம் வந்ததா என்று அவர் கேட்பார். அவளும் இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போவாள்.

வைகாசியில் ஒரு நாள், ஆய்வுக்குழு வருகிற நாள், மதியம் எல்லம்மாள் சோறு எடுத்து வந்தாள். எப்போதும் வைத்துவிட்டுப் போகிறவள் அன்றைக்குப் போகவில்லை. மரத்தடியில் தரையில் உட்கார்ந்தாள். அவரும் நாற்காலியை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.

"பிளஸ் டூ ரிசல்ட் வந்துட்டுது" என்றாள்.

அவர் கை சோற்றில் நின்றது.

"எதிர் வூட்டு அலமு பாஸாம். சாக்லேட் எடுத்துக்கினு வந்துது. நம்ம வூட்டு வாசல்ல நின்னுக்கினு உள்ள வரதா வேணாமான்னு முழிக்குது. நானே கூப்ட்டு வாங்கிக்கினேன்." அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். "நம்மளுது எழுதி இருந்தா கணக்குல போயிருக்கும்."

முனிரத்தினம் அவளைப் பார்த்தார்.

"போயிருக்கும்" என்றார். "அவளுக்குக் கணக்கு எங்க வந்துது? பஸ்ல ஏறினா பாக்கி சில்லறை எவ்ளோன்னு என்னைத்தானே கேக்கும்."

"அதுல உன்ன மாதிரி இல்ல. என்ன மாதிரி."

"பிளஸ் ஒன் அரைப் பரீட்சையில பதினோரு மார்க்கு வாங்கிக்கினு வந்து, நூறுக்கு இல்லப்பா, அம்பதுக்குன்னு சொல்லிச்சி. நானும் நம்பிட்டேன்."

அவர் சிரித்தார். எல்லம்மாளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அவர் முகம் கோணியது. சோற்றுக் கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, சத்தம் வராமல் அழுதார். பிறகு சத்தம் வந்தது. எல்லம்மாள் செம்பில் தண்ணீர் எடுத்து அவர் கையைக் கழுவிவிட்டாள். அவர் தலை அவள் தோளில் சாய்ந்தது. கன்னம் அவருடைய கன்னமாகவே இருந்தது, ஈரம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அழுகை நின்று மூச்சு நீளமாயிற்று. எல்லம்மாள் மெதுவாக அவரைத் துண்டின்மேல் கிடத்தினாள். அப்படித் தூங்கிப் பத்து மாதம் ஆகியிருந்தது.

அந்த நேரத்துக்குத்தான் ஆய்வுக்குழுவின் கார் வந்தது. முன்னால் இயக்குநரின் கார். டிரைவர் ஹாரனில் கை வைப்பதற்குள் எல்லம்மாள் கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"சத்தம் போடாதீங்க. தூங்கறாரு."

இயக்குநர் இறங்கி வந்து கம்பிகளுக்கு நடுவில் பார்த்தார். வரவேற்கக் காத்திருந்த குமாரசாமியும் கோதண்டபாணியும் உள்ளிருந்து ஓடிவந்தார்கள். டெல்லி அதிகாரி காரைவிட்டு இறங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, யார் அது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"காவலாளி, சார்" என்றார் இயக்குநர். அவருக்கு வியர்த்திருந்தது. "இது அனுமதி பெறாத உறக்கம். இன்றைக்கே நடவடிக்கை எடுக்கிறேன்."

"சுரந்திருக்குது, பாருங்க" என்றார் குமாரசாமி மெதுவாக.

"சிதையாம நின்னிருக்குது" என்றார் கோதண்டபாணி, அதைவிட மெதுவாக. வழக்கமான குரலுக்கு அவர்கள் போகப் பார்த்தபோது எல்லம்மாள் திரும்பிப் பார்த்தாள். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"சாவியைக் கொடு அம்மா" என்றார் இயக்குநர்.

"அவரு இடுப்புல இருக்குது. எடுத்தா முழிச்சிக்குவாரு."

நிலையத்துக்கு முன்பக்கம் மட்டும்தான் மதில். பின்பக்கம் வயல் வழியாக ஆடு மாடு போய் வரும். அது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இயக்குநர் என்பவர் வாசலைத் தவிர வேறு வழியில் நுழைய முறை இல்லை.

"உன் புருஷனுக்கு வேலை போய்விட்டது என்று வைத்துக்கொள்" என்றார் இயக்குநர், பல்லைக் கடித்துக்கொண்டு. "பணி நேரத்தில் ஆழ்ந்து தூங்கினான் என்று இப்போதே எழுதப்போகிறேன்."

"எழுதுங்க சார்" என்றாள் எல்லம்மாள். "நல்லா தூங்கினான், எழுப்பியும் எழுந்திருக்கலன்னு எழுதுங்க. டிப்போவுல கேப்பாங்க. சீல் குத்திக் குடுங்க."

அப்படியே எழுதினார்கள். டிப்போ மேனேஜர் அதை ஏற்றுக்கொண்டார். தூங்கியதற்கு அவரிடம் விதி இருந்தது. ஆனி மாதம் முனிரத்தினத்துக்கு வண்டி கிடைத்தது. எல்லா இரவும் தூக்கம் வந்தது என்று சொல்ல முடியாது. வராத இரவுக்கு மறுநாள் லீவு போட்டுவிடுவார்.

அன்றைக்கு அதெல்லாம் யாருக்கும் தெரியாது. கம்பிக்கு அந்தப் பக்கம் டெல்லிக்காரரும் இயக்குநரும் வெயிலில் நின்றார்கள். இந்தப் பக்கம் இரண்டு துறைத் தலைவர்களும் மாலைகளோடு நின்றார்கள். எல்லம்மாள் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டாள். பாத்திரத்தைச் சத்தமில்லாமல் மூடினாள். பொழுது சாய, மரநிழல் நகர்ந்து வெயில் அவர் முகத்தில் விழப் பார்த்தது. அவள் எழுந்து வந்து வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.